காயக் கூடாத இடமும் காய வேண்டிய இடமும்

குழாயைக் கொஞ்சமாகத் திறந்து, தண்ணீர் மெல்லிய இழையாக விழும்படி வையுங்கள். வாயருகே அந்த இழை சீராக, அசைவே இல்லாததுபோல் தெரியும். கீழே இறங்க இறங்க அதில் நெளிவுகள் தோன்றும். சில இடங்கள் தடிக்கும், சில இடங்கள் சிறுக்கும். கடைசியில் இழை அறுந்து துளித் துளியாக விழும். புவியீர்ப்புதான் இழுத்து அறுக்கிறது என்று தோன்றும். உண்மையில் அறுப்பது தண்ணீரின் பரப்பு இழுவிசை. ஒரே அளவு தண்ணீர் நீண்ட இழையாக இருந்தால் அதன் மேற்பரப்பு அதிகம், உருண்டைகளாக இருந்தால் குறைவு. மேற்பரப்பைக் குறைத்துக்கொள்ளும் வாய்ப்பை எந்தத் திரவமும் விடுவதில்லை.

பிரான்ஸில் ஃபெலிக்ஸ் சவார் 1833இல் இதை நுணுக்கமாகக் கவனித்து எழுதினார். பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ, பார்வையை இழந்த பிறகும் உதவியாளர்களின் கண்களைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்த மனிதர். இழையில் எழும் நெளிவின் நீளம் இழையின் சுற்றளவைத் தாண்டிவிட்டால் அது அறுந்தே தீரும் என்று அவர் கண்டார். 1878இல் ராலே பிரபு கணக்குப் போட்டு, இழையின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ நாலரை மடங்கு நீளமுள்ள நெளிவே மற்றவற்றை முந்திக்கொண்டு வளர்கிறது என்று காட்டினார். துளியின் அளவு கணக்குக்கு உட்பட்டது என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது. இழையை அந்தத் தாளத்தில் அதிரவிட்டால் ஒரே அளவுத் துளிகள், ஒரே இடைவெளியில், வரிசையாக வரும். மையைத் துளிகளாக்கி எழுதும் கருவிக்கு வேண்டிய அறிவியலில் பாதி ராலேயின் அந்தக் கணக்கிலேயே இருந்தது.

மீதிப் பாதிக்கு ஆசைப்பட்டவர்களில் இதயத்தை ஆராய்ந்தவர்களும் உண்டு. இதயத் துடிப்பின் மின் அலையைக் காகிதத்தில் பதிவு செய்யப் பேனா முனையைப் பயன்படுத்தினால், பேனாவுக்கு எடை உண்டு, காகிதத்தில் உராய்வும் உண்டு. வேகமான அசைவுகளை அது தவறவிட்டுவிடும். சுவீடனின் ரூனே எல்ம்க்விஸ்ட், பேனாவுக்குப் பதில் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயை அசையவிட்டு, அதிலிருந்து மையைப் பீய்ச்சி எழுதும் கருவிக்கு 1951இல் காப்புரிமை பெற்றார். காகிதத்தைத் தொடாமல் எழுதியது அது. 1958இல் மனித உடலுக்குள் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கரை உருவாக்கியவரும் இவரே. அதே நாட்டின் லுண்ட் நகரில், அல்ட்ராசவுண்ட் மூலம் இதயத்தைப் பார்க்கும் முறையை 1953இல் எட்லர் என்பவருடன் சேர்ந்து தொடங்கிய கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸும் பிறகு மைத்துளி ஆராய்ச்சியில் இறங்கினார். இன்று ஜெராக்ஸ் கடையில் பாஸ்போர்ட் போட்டோ அடிக்கும் இயந்திரமும் எக்கோ பரிசோதனையும் ஒரே வட்டத்து மனிதர்களிடமிருந்து வந்தவை என்பது எனக்கு இப்போதும் வியப்பு தருகிறது.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் அடுத்த அடியை வைத்தார். மை இழையைச் சீராக அதிரவைத்துத் துளிகளாக்கினார். துளி பிரியும் அந்தக் கணத்தில் ஒவ்வொன்றுக்கும் வேண்டிய அளவு மின்னூட்டம் கொடுத்தார். பிறகு அவை இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே பறக்கும்போது, மின்னூட்டத்துக்கு ஏற்ப வளைந்து தத்தம் இடத்தில் போய் விழுந்தன. எழுத்துக்கு வேண்டாத துளிகள் ஒரு சிறு வாய்க்குள் விழுந்து மறுபடி தொட்டிக்கே திரும்பின. மை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் இந்த முறை இன்றும் தொழிற்சாலைகளில் உயிரோடு இருக்கிறது. குளிர்பான டப்பாவின் அடியில், தண்ணீர் பாட்டிலின் கழுத்தில், வயரிங்குக்கு வாங்கும் ஒயரின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும் தேதிகளையும் எண்களையும் பெரும்பாலும் இந்த இயந்திரங்களே அடிக்கின்றன. பொருள் நிற்காமல் ஓடும். எழுத்து அதன்மேல் பறந்து வந்து ஒட்டும். ஓரிரு நொடியில் காய்ந்துவிடும்.

இவ்வளவு வேகமாகக் காயும் மை, தான் வெளிவரும் துளையான நாசிலிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளாதா? இயந்திரம் ஓடும்போது மை ஒருபோதும் நிற்பதில்லை என்பதால் அடைப்பதில்லை. நாசிலில் மை காயக் கூடாது, பொருளின்மேல் அது காய்ந்தே ஆக வேண்டும். இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே மை. மையைத் துளிகளாகப் பீய்ச்சி அச்சடிக்கும் இங்க்ஜெட்டின் எல்லாச் சிறப்புகளும் எல்லாத் தொல்லைகளும் இந்த ஒரு முரணிலிருந்து கிளைத்தவை. எந்தப் பிரிண்டர் வாங்கலாம் என்ற கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது.

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நிற்காத ஓட்டம் ஒத்துவராது. வேண்டும்போது மட்டும் ஒரு துளி வர வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் பிறந்தன. முதல் வழி வெப்பம். 1977இல் ஜப்பானின் கேனன் ஆய்வுக்கூடத்தில் இச்சிரோ எண்டோ வேலை செய்துகொண்டிருந்தபோது, சூடான சால்டரிங் அயர்ன் தவறுதலாக மை நிரப்பிய ஊசியில் பட்டது. ஊசி முனையிலிருந்து மை தெறித்தது. ஏறத்தாழ அதே காலத்தில், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமல், அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கார்டின் ஜான் வாட்டும் அதே வழியைக் கண்டுபிடித்தார். ஹியூலெட் பேக்கார்டின் திங்க்ஜெட் 1984இல் கடைக்கு வந்தது. அதில் 12 நாசில்கள், ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளிகள். கேனனின் பபிள்ஜெட் 1985இல் வந்தது.

நாசிலுக்குள் நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய ஓர் அறை. அதன் சுவரில் ஒரு மீச்சிறு வெப்பத்தகடு. மின்சாரம் பாய்ந்ததும் சில மைக்ரோ நொடிகளில் தகட்டை ஒட்டிய மிக மெல்லிய மைப்படலம் சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. அடுப்பில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது, பாத்திரத்தின் சொரசொரப்பிலும் தூசியிலும் குமிழி பிடிக்க இடம் கிடைப்பதால். இங்கே அதற்கு அவகாசமே இல்லை. கொதிநிலையைத் தாண்டியும் திரவமாகவே இருந்த படலம், தாங்க முடியாத எல்லை வந்ததும் ஒரே அடியாக ஆவியாகி வெடிக்கிறது. அந்தக் குமிழி மேலேயுள்ள மையைத் தள்ள, ஒரு துளி நொடிக்கு 5 முதல் 10 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. குமிழி உடனே சுருங்கி மறைய, அறையில் புது மை நிரம்புகிறது. ஒரு நொடிக்குள் இது ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. சூடாவது ஒரு நூலிழைப் படலம் மட்டும் என்பதால் துளியிலுள்ள மற்ற மை வேகுவதில்லை.

ஆனால் தகடு அடி வாங்குகிறது. குமிழி சுருங்கும் அதிர்ச்சியும், தீய்ந்த மையின் கசடும் அதை நாளடைவில் கெடுக்கின்றன. ஆகவே ஹியூலெட் பேக்கார்டு பொறியாளர்கள் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார்கள்: நாசிலும் தகடும் சேர்ந்த ஹெட்டை, மை இருக்கும் கார்ட்ரிட்ஜிலேயே வைத்துவிடுவது, மை தீர்ந்ததும் அதையும் சேர்த்துத் தூக்கி எறிவது. பொறியியலாகப் பார்த்தால் அருமையான தீர்வு. அடைத்துக்கொண்டாலும் பயமில்லை, புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டால் புது ஹெட்டே வந்துவிடும். வணிகமாகப் பார்த்தால், பிரிண்டரை மலிவாக விற்று, மையில் சம்பாதிக்கும் பழக்கத்துக்கு வழி திறந்தது அது.

இரண்டாவது வழி அழுத்தம். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அவை வடிவம் மாறும் என்பது அதன் மறுபக்கம். எப்சன் நிறுவனம் 1993இல் ஸ்டைலஸ் 800 பிரிண்டரில் இதைப் பயன்படுத்தியது. மின்சாரம் பட்டதும் அதே குணமுள்ள பீங்கான் தகடு ஒரு மைக்ரான்கூட வளையாது; அந்த அசைவே ஒரு துளியைத் தள்ளப் போதும். மையைக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை என்பதால், கொதிக்கக்கூடிய மைதான் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதன் பெரும்பலன் தொழிற்சாலைகளுக்குப் போனது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வீட்டுக்கு இதன் விளைவு வேறு: இந்த ஹெட் இயந்திரத்தோடு நிரந்தரமாக இருப்பது. அடைத்துக்கொண்டால் தூக்கி எறிய முடியாது.

ஒரு துளி 4 பிக்கோலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் விட்டம் சுமார் 20 மைக்ரான். 1 மில்லிலிட்டர் மையில் அப்படிப்பட்ட துளிகள் 25 கோடி. 70 மில்லிலிட்டர் கறுப்பு மைப் பாட்டில் சுமார் 4000 பக்கம் வரும் என்று போட்டிருந்தால், பக்கத்துக்கு 0.0175 மில்லிலிட்டர். மருத்துவமனையில் 20 சொட்டு 1 மில்லிலிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். அந்தக் கணக்கில் ஒரு பக்கக் கடிதத்துக்குச் செலவாவது மூன்றில் ஒரு சொட்டு. அந்த மூன்றில் ஒரு சொட்டுதான் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட துளிகளாகப் பிரிந்து, குறில் நெடில் தவறாமல் உட்காருகிறது.

இத்தனை சிறிய துளி வெளியே வரும் துளையும் அத்தனை சிறியது. அதன் வாயில் நிற்கும் மை காற்றோடு நேராகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. தண்ணீர் ஆவியாக ஆவியாக மை கெட்டிப்பட்டு, வாயில் ஒரு தோல் படிகிறது. இதைத் தள்ளிப்போட மையில் கிளிசரால், கிளைக்கால் போன்ற ஈரம் காக்கும் பொருள்களைக் கலக்கிறார்கள். அளவு கூடினால் காகிதத்தில் மை காயாது. குறைந்தால் நாசில் அடைக்கும். வேலை முடிந்ததும் ஹெட் வலப்பக்க ஓரத்துக்குப் போய் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு ரப்பர் மூடி எழுந்து வந்து நாசில்களை இறுக்கி மூடுகிறது. காலையில் பிரிண்டரைப் போட்டதும் கேட்கும் அந்தக் கடகட சத்தம், ரப்பர் பட்டை ஹெட்டைத் துடைப்பதும், பம்பு கெட்டிப்பட்ட மையை உறிஞ்சி எடுப்பதும். அந்த மை இயந்திரத்தின் அடியில் இருக்கும் பஞ்சு போன்ற பேடில் போய்ச் சேருகிறது. ஹெட் கிளீனிங் கொடுக்கும்போதெல்லாம் இப்படித்தான் நல்ல மை வீணாகிறது. பேட் நிறைந்துவிட்டது என்று கணக்குக் காட்டியதும் பிரிண்டர் வேலையை நிறுத்திவிடும். சில இடங்களில் மென்பொருளை வைத்து அந்தக் கணக்கை மட்டும் ரீசெட் செய்து கொடுத்துவிடுவார்கள். பேடை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மாற்றாவிட்டால் ஒருநாள் மேசையெல்லாம் மை ஒழுகும்.

காகிதத்தின் பக்கத்துக் கதை வேறு. இங்கே மை சீக்கிரம் காய வேண்டும், ஆனால் பரவவும் கூடாது. சாதாரண காகிதத்தின் நார்கள் வழியே மை ஓடினால் எழுத்தின் ஓரம் மயிர் விட்டதுபோல் ஆகிவிடும். போட்டோ காகிதத்தின் மேல் சிலிக்கா அல்லது அலுமினாவின் நுண்துளைப் பூச்சு இருக்கிறது. துளி விழுந்த இடத்திலேயே உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஒரே பிரிண்டர் ஒரே படத்தை ஒரு காகிதத்தில் வெளுப்பாகவும் இன்னொன்றில் பளிச்சென்றும் அடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். நல்ல காகிதம் வாங்காமல் பிரிண்டரைக் குறை சொல்வது நியாயமில்லை.

மையிலும் இரண்டு வகை. டை மையில் நிறம் தண்ணீரில் முழுதும் கரைந்திருக்கிறது. நிறங்கள் பளபளக்கும், ஆனால் ஈரம் பட்டால் கலையும், வெயிலில் வெளுக்கும். பிக்மென்ட் மையில் நிறம் மிக நுண்ணிய திடத் துகளாக மிதக்கிறது; காய்ந்ததும் காகிதத்தின் மேலேயே தங்கிவிடும். தேர்வுக்கூட அனுமதிச்சீட்டையும் பத்திர நகலையும் மழைக்காலத்தில் கையில் எடுத்துப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். பாட்டிலிலிருந்து மை ஊற்றி நிரப்பும் டேங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்று நிறங்களும் டை. சிலவற்றில் நான்குமே டை. வாங்கும்முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கேள்வி இது என்பேன். கடைக்காரர் சொல்லும் வேகக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

விலைக்கு வருவோம். கார்ட்ரிட்ஜ் விலையில் நொந்துபோன பல நாட்டு மக்கள் ஊசி வைத்து ரீஃபில் செய்தார்கள். வெளியே பாட்டில்களை வைத்து, குழாய் இழுத்து, ஹெட்டுக்கு மை கொடுத்தார்கள். நிறுவனங்கள் கார்ட்ரிட்ஜில் சிப் வைத்துத் தடுத்துப் பார்த்தன. கடைசியில் எப்சனே 2010இல் இந்தோனேசியாவில், பாட்டிலிலிருந்து ஊற்றி நிரப்பும் டேங்க் பிரிண்டரை விற்கத் தொடங்கியது. பிறகு இந்தியாவுக்கும் வந்தது. மற்ற நிறுவனங்களும் அதே வழியில் வந்தன. இயந்திரத்தின் விலை ஏறியது, பக்கத்தின் விலை சரிந்தது. வாடிக்கையாளர்கள் தாமே செய்துகொண்ட ஏற்பாட்டை நிறுவனம் ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி இது. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளின் முகத்தை மாற்றியதும் இதுவே. கறுப்பு நகலுக்குப் பெரிய இயந்திரம் ஒரு பக்கம் ஓட, பாஸ்போர்ட் போட்டோ, பிளாஸ்டிக் அட்டையில் ஆதார், பள்ளிப் பிள்ளைகளின் புராஜெக்ட் படம் எல்லாம் பக்கத்திலுள்ள டேங்க் பிரிண்டரில் வருகின்றன.

அந்தக் கடையில் அது ஏன் நன்றாக ஓடுகிறது? நாள் முழுக்க மை நகர்ந்துகொண்டே இருப்பதால். அதே பிரிண்டரை வாங்கி, கோடை விடுமுறை முழுக்கப் பூட்டி வைத்துவிட்டு ஜூனில் திறந்தால், மஞ்சள் வராது, நீலத்தில் கோடு விழும். லேசர் பிரிண்டரின் டோனர் உலர்ந்த பொடி. காய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் முதல் பக்கமே சரியாக வரும். ஆனால் அந்தப் பொடியை உருக்கிக் காகிதத்தில் ஒட்ட ஏறத்தாழ 200 டிகிரி வெப்பம் வேண்டும், அச்சடிக்கும்போது பல நூறு வாட் இழுக்கும், சின்ன யூ.பி.எஸ். தாங்காது. இங்க்ஜெட்டுக்கு 10, 20 வாட் போதும். என் தீர்ப்பு இது: வாரம் தவறாமல் வண்ணத்தில் அச்சடிக்கும் வீட்டுக்கும் சிறு கடைக்கும் டேங்க் இங்க்ஜெட், கறுப்பு எழுத்து மட்டும் எப்போதாவது வேண்டும் என்றால் லேசர், வருடத்துக்கு நாலு பக்கம் என்றால் எதுவும் வாங்காமல் தெருமுனைக் கடைக்குப் போவது.

அழுத்தத்தால் துளி தள்ளும் முறைக்குக் கொதிக்கக்கூடிய மைதான் வேண்டும் என்ற கட்டாயமில்லை என்றேன். தொழிற்சாலைகள் அதைப் பிடித்துக்கொண்டு, காய வேண்டிய இடத்தில் காயவைக்க ஆளுக்கொரு வழி கண்டன. கண்ணாடி, மரம், உலோகத்தின் மேல் அடிப்பவர்கள் புற ஊதா ஒளி பட்டதும் கெட்டியாகும் மையைப் பயன்படுத்துகிறார்கள். தரை ஓடுகளில் அடிக்கப்படும் பளிங்குக் கோலம் சூளையில் வெந்து நிலைபெறுகிறது. திருப்பூரில் பாலியஸ்டர் ஜெர்சிக்கான நிறத்தை முதலில் காகிதத்தில் அடித்து, சுமார் 200 டிகிரியில் துணியோடு அழுத்துகிறார்கள். நிறம் திரவமாகாமல் நேரே ஆவியாகி நாருக்குள் புகுகிறது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் வேண்டும்; அதை நீராவியில் வேகவைத்துப் பிறகு அலச வேண்டும். பிக்மென்ட் மையாக இருந்தால் சூடு காட்டினாலே போதும், அலசும் வேலையில்லை. சாயக்கழிவு வழக்கில் 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட ஊருக்கு இது சிறிய விஷயமில்லை. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் செய்ய வேண்டும். ஆயிரக்கணக்கான பனியனுக்கு அதுவே லாபம். பத்தே பத்து டி-ஷர்ட் கேட்டு வருகிறவருக்கு இங்க்ஜெட். அங்கேயும் பழைய முரண் விடாது: கறுப்புத் துணிக்கு அடியில் கொடுக்கும் வெள்ளை மையில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது. கனமான துகள் என்பதால் அடியில் படிந்துவிடும்; கலக்கிக்கொண்டே இருக்காவிட்டால் விலையுயர்ந்த ஹெட் போய்விடும்.

ஃபிளெக்ஸ் பேனரும் இங்க்ஜெட்டின் பிள்ளைதான். காற்றில் பறந்துபோகும் கரைப்பானில் கலந்த மையை, பி.வி.சி. பூசிய துணியில் பீய்ச்சுகிறார்கள். சென்னையில் சாரம் கட்டி, கையால் கட்-அவுட் வரைந்த ஓவியர்களின் பிழைப்பை இந்த இயந்திரம் சில ஆண்டுகளில் எடுத்துக்கொண்டது. மலிவும் வேகமும் வந்ததும் காதுகுத்து முதல் கட்சி மாநாடு வரை எல்லாவற்றுக்கும் பேனர் வந்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்தார். எரித்தால் நச்சுப்புகை விடும், மறுசுழற்சிக்கு எளிதில் வராத பொருளை ஒருநாள் விழாவுக்குத் தொங்கவிடுவதை, அறிவியலை நேசிக்கிறவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை. அதே சமயம், இதே துளி வித்தைதான் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகட்டின்மேல் டி.என்.ஏ. இழைகளைப் புள்ளி புள்ளியாகக் கட்டுகிறது. பொடியின்மேல் பசையை அடுக்கடுக்காகத் தெளித்து முப்பரிமாணப் பொருள்களை உருவாக்குகிறது.

வீட்டில் டேங்க் பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியவை மூன்று. வாரத்துக்கு ஒரு பக்கமாவது நான்கு நிறமும் வரும்படி அடியுங்கள். கோடு விழுந்தால் ஹெட் கிளீனிங்கை ஒன்றிரண்டு தடவைக்கு மேல் தொடர்ந்து கொடுக்காதீர்கள். ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள், ஊறிய அடைப்பு பல நேரம் தானே விடும். வேலை முடிந்ததும் சுவரிலுள்ள சுவிட்சை நேரடியாக அணைக்காதீர்கள். பிரிண்டரின் பட்டனை அழுத்தி, ஹெட் ஓரத்துக்குப் போய் மூடிக்கொண்டு விளக்கு அணைந்த பிறகே சுவிட்சில் கை வையுங்கள்.